குறுக்கே ஒரு குழி

…நகர மாட்டேன், பொக்லைன் என்ன, மலையே உருண்டு வந்தாலும் நகர மாட்டேன் என்று பழைய குழியின் விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவளுக்கு முதுகு வெயிலில் தீய்ந்தது, தீயட்டுமே, சித்தப்பாவுக்கு மட்டும் என்ன நிழலா, அவரும்தான் இடுப்பில் கைவைத்து நிற்கிறார், இங்கே பள்ளிக்கூடம் கட்டப்போகும் தலைமைப் பொறியாளர், அப்பாவின் தம்பி, நிலவியல் படி என்று இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவர்தான், இன்றைக்கு அதே படிப்பு அவருக்கு வேப்பங்காயாகக் கசக்கிறது. “அதான் வெட்டிப் பாத்தாச்சேம்மா, பூகம்பப் பிளவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.” பார்த்தார்களாம்! சரிவில் ஏற்றினால் வண்டி சாயும் என்று, வாகான தடமாகப் பார்த்து, பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே கூடவே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், தெருவோடு நடந்தவன் தெருவைக் கடந்தேன் என்று சொல்வானா, குறுக்கே வெட்டினால்தானே அகப்படும்… அடையாளம் கொஞ்சமா? நேராக இறங்கும் ஓடை இங்கே வந்ததும் சடாரென்று வலப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சதூரம் போய், மறுபடி நேராக இறங்குகிறது, அடுத்த ஓடையும் அப்படியே, அதற்கடுத்ததும், தண்ணீருக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது? நிலம் நகர்ந்து ஓடையையும் இழுத்துப் போயிருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு பச்சை வரிசை, பிளவில் முட்டிய நிலத்தடி நீர் மேலே கசிகிற இடம், அதைப் பார்த்தபோது என்ன குதி குதித்தாள். அப்புறம் அந்தப் பாறை, இழைத்த மாதிரி வழவழப்பு, இந்தப் பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் விரல் தட்டும், பாறை எந்தப் பக்கம் உராய்ந்து போனது என்று விரலுக்கே தெரிந்துவிடும். சித்தப்பாவும் தடவிப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா, தரைக்குப் போடலாம்.” சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

அவர் எப்போதுமே அப்படித்தான். சின்ன வயதில் கூடத்துச் சுவரில் விரிசல், இவள் விரலை விட்டுக் காட்டினாள், அவர் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி, “போயிடுச்சு பாரு வாயாடி” என்றார், வீடே சிரித்தது, இவள் தினமும் காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், விரிசல் அங்கேயேதான் இருந்தது, வளர்ந்துகொண்டும் இருந்தது. இந்த முறை மாட்டவிட மாட்டேன் சித்தப்பா, உள்ளே உட்காரப்போவது பிள்ளைகள்.

“வெட்டித் தொலைப்பா,” என்றார் அவர் டிரைவரிடம். பிறகு இவளிடம், “ஒண்ணும் வரலன்னா நாளைக்கே வேலைய விட்டுடணும்.” “விடறேன்.” எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்… வராமல் போனால்? வரும். பொக்லைன் சரிவில் சாய்ந்து சாய்ந்து ஏறியது, குறுக்கே இறங்கியது. இடப்பக்கம் வெளுத்த பாறை, வலப்பக்கம் செம்பாறை, நடுவே அரைபட்டு மாவாகிப்போன சாம்பல் நிறக் கல், மேலிருந்த கூழாங்கல் அடுக்குகூட அறுந்து, மறுபாதி முழங்கால் உயரம் ஏறி நின்றது. சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். “இங்க வேண்டாம், வேற இடம் பாருங்க” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஜெயித்தாயிற்று, கத்தலாமா, ஆடலாமா…

“அக்கா, இந்தக் கோடு இப்படியே நேரா கீழ போகுமா?” டிரைவர் இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தான்.

“போகும்.”

“அப்ப எங்க தெரு வழியாத்தான் போகும்போல! அங்க வீட்டுக்கு வீடு கிணறுக்கா, எந்தக் கோடையிலயும் வத்தாது. அதுக்காகவே அப்பா அங்க வீடு கட்டினார். நல்லதுதானேக்கா?”

பச்சை வரிசை. எத்தனை முறை பார்த்திருப்பாள், மரங்களுக்கு நடுவே தெரிந்த கூரைகளை ஒரு முறையாவது பார்த்தாளா? சொல்லிவிடு, வாயாடிதானே நீ, சொல்லேன்… அவன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். “நல்லதுதானே?” மாட்டுவதற்கு ஒரு காலண்டர் அகப்படாதா என்று மனசு தேடியது, ஐயோ, சித்தப்பாவும் அன்றைக்கு இப்படித்தான் தேடினாரோ…