சுவர் குடித்தது எவ்வளவு

...பதினோரு மணிக்குள் தெரிந்துவிடும் என்றுதானே மகள் சொன்னாள், மணி பத்தரைதான் ஆகிறது, தொட்டியில் செங்கல்லைப் போட்டால் குபுகுபுவென்று குமிழி வருகிறது, குடிக்கட்டும், ஊறாத கல்லை வைத்தால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், கலவை மாவாய் உதிரும், அதியமான்கோட்டையில் எத்தனை சுவருக்குக் கல் ஊறப்போட்டிருப்பேன், தோள் இரண்டும் இற்றுப்போயின, இன்றைக்கு மட்டும் வலி தெரியவில்லையே, ஏன்... என் மகள் வெண்மதிக்கும் சுவர் வேலைதான் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வடக்கே ஆராய்ச்சிக்கூடத்தில், சூரியனில் எரிகிற மாதிரி நெருப்பை ஒரு கலத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்களாம், அதன் உள்சுவர் டங்ஸ்டன், குண்டு பல்புக்குள் கம்பி இருக்குமே, அந்த உலோகம். எரிவது ஹைட்ரஜனின் கனத்த பங்காளிகள். அதையெல்லாம் சுவரே குடித்துவிட்டால் நெருப்புக்கு என்ன மிச்சம்? இவள் முதலில் ஹீலியத்தை அடித்துவிட்டு அப்புறம் ஹைட்ரஜனை விட்டாள், சுவர்த்தகடு குடித்தது குறைந்துபோனது. பேராசிரியர் நம்பவில்லை, அளந்தது தப்பாயிருக்கும், இன்னொரு தகட்டிலும் குறைந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இரண்டு வருச வேலையை விட்டுவிட்டு வேறு எடு என்றுவிட்டார். அந்த இன்னொரு தகடு இந்நேரம் சூடேறிக்கொண்டிருக்கும், சூடேற்றினால் குடித்ததைக் கக்குமாம், கக்குவதை அளப்பார்களாம்... ஊறின கல் மறுபடி குடிக்காது, அதே கதைதானே கண்ணு என்று நேற்று போனில் கேட்டேன், அப்படியே வெச்சுக்கப்பா என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ஏதோ பாக்கி இருந்தது...

"மாரப்பண்ணா, கல்லு!" சித்தாள் செல்லி சட்டியோடு நிற்கிறாள், எடுத்துக் கொடுத்தேன், எந்தக் குவியலிலிருந்து எடுத்தேன், சாரத்தின் மேலிருந்து கொத்தனார் சென்றாயன் கரண்டியால் கல்லைத் தட்டுகிறார், "யோவ், கல்லு பொரியாட்டம் காஞ்சு கெடக்குது, மனசு எங்கய்யா கீது?" ஐயோ, முப்பது வருசத்தில் செய்யாத தப்பு, அதற்குள் சட்டைப்பையில் போன் அதிர்கிறது, ஈரக்கையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டுகிறேன், இ...தி...லும்... கு...றை...வு... இதிலும் குறைவு, அப்பா! "கொறைஞ்சிருச்சு!" என்று கத்திவிட்டேன், லாரி சத்தத்தையும் மீறி. செல்லிக்கு முகம் விழுந்துபோனது. "அய்யய்யோ, மார்க்காண்ணா? புள்ள அழுவுதா?" "அட, கொறைஞ்சாத்தான் செல்லி ஜெயிச்சா!" "அது எந்தூரு பரிச்சைண்ணா, கொறைஞ்சா பாஸு?" சென்றாயனுக்கு இது போதாதா, "அப்ப நாலு கல்லு கொறைச்சு வெச்சா நானும் விஞ்ஞானிதான்!" சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே காய்ந்த கல்லையெல்லாம் திருப்பி வாங்கித் தொட்டிக்குள் போடுகிறேன், அவள் ஜெயித்துவிட்டாள், இரண்டு வருசம் வீணில்லை...

மறுபடி அதிர்கிறது. 'ஆனா செங்கல் மாதிரி இல்லப்பா. ஏற்கெனவே இருக்கிற ஓட்டையை ஹீலியம் நிரப்பவில்லை. மேல்தோலில் புதுசாகக் குமிழி ஓட்டை போடுகிறது. அப்புறம் ஏன் குறையுதுன்னுதான் இனிமேல் பார்க்கணும்.' ஓட்டை கூடினால் குடிப்பதும் கூட வேண்டுமே? எப்படிக் குறைந்தது? நான் நேற்றிலிருந்து ஊறின கல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேனே, அது தப்பா... தப்பென்றால் ஏன் இவ்வளவு சந்தோசமாயிருக்கிறது? தொட்டியில் குமிழி வந்துகொண்டேயிருக்கிறது. கல் குடிக்கிறது, கல் குடிக்கிறது என்றே இத்தனை காலம் பார்த்தேன், குமிழி உள்ளேயிருந்து வெளியேயல்லவா வருகிறது... அப்படியென்றால் ஓட்டை என்பது உள்ளே போவதற்கு மட்டுமா, போனது அதே வழியாய்த் திரும்பி வெளியேறவும்தானோ? செல்லி கல் கேட்கிறாள், இரு செல்லி, இதை எழுதி அனுப்பிவிட்டுத் தருகிறேன், எங்கே தொடங்குவது, ஓ...ட்...டை...