ஒவ்வாமை: கேட்கவில்லை

1.

என் அண்ணி தன் மேலாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டிலிருந்து இந்தக் கதை வந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அண்ணி ஒரு மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர். (நோயாளிகளின் விவரங்களைக் கட்டம் கட்டமாக அட்டவணைகளில் வைத்து, ஒன்றோடொன்று முடிச்சுப்போடும் மென்பொருள் அது. விளக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், எச்சரிக்கை.)

முதல் தொடக்கம்: ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, சர்வர் அறையில் அண்ணி...

விட்டுவிட்டேன். சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது.

2.

பழைய தரவுத்தளம் உரிமம் பெற்று வாங்கியது; அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் எட்டிப்பார்க்க முடியாது. அண்ணி இரண்டு வருடம் மல்லுக்கட்டி, திறமூலத் தரவுத்தளம் ஒன்றுக்கு மாற ஒப்புதல் வாங்கினார். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்; காசும் கிடையாது. பெரிய நிறுவனங்களின் சுமையையும் இப்போது தாங்குகிறது. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மாற்றமும் புதியதிலும் பதிந்துகொண்டே வரும். வேலையை நிறுத்தாமல் இடம் மாறலாம். (என்ன அழகு!)

மேலாளருக்கு மட்டும் அது "ஓசி சாமான்."

3.

சிக்கல் ஒரே கட்டத்தில்: மருந்து ஒவ்வாமை. நோயாளியைக் கேட்டு, எதுவும் இல்லையென்றால் பதிவுத் திரை 'இல்லை' என்ற பொருளில் எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சொல்லை அனுப்பும். கேட்கவேயில்லை என்றால் எதையும் அனுப்பாது. பழைய தளமோ இரண்டையும் 'தெரியாது' என்ற ஒரே குறியாகச் சேமித்துவிட்டது. அந்தக் குறியை இத்தொழிலில் 'நல்' என்பார்கள். நாற்பத்தோராயிரம் நோயாளிகளுக்கு நல். புதிய தளமோ இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும்; மாறும்போது எது என்று சொல்லியாக வேண்டும்.

"எல்லாத்துலயும் 'இல்லை'ன்னு போட்டுடும்மா. திங்கக்கிழமை மாத்தணும்."

"யாருக்கு இல்லைன்னு தெரியாது சார். எல்லாம் நல்."

"நல்லதுதானே, அப்புறம் என்ன?"

"நல்லுன்னா நல்லது இல்ல சார். கேட்டாங்களான்னே தெரியாதுன்னு அர்த்தம்."

"அப்போ அத்தனை பேரையும் நர்ஸுங்க திரும்பக் கேக்கணுமா? அதுக்குப் பழையதே போதும். உன் ஓசி சாமானை மூட்டை கட்டு."

"பழையதுக்கும் தெரியாதுதான் சார். வாயைத் திறக்கல, அவ்வளவுதான்."

4.

முதல் வரைவில் மேலாளரின் கண்கள் கலங்கின. அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"அவரா? தம்பி, நீ அந்த மனுஷனைப் பார்த்ததே இல்ல."

அடுத்த வரைவில் அண்ணி பணிந்துபோகிறார். ஒரு நோயாளிக்கு ஆகாத மருந்து ஏறுகிறது.

"ஒரு ஆளைக் கொன்னாத்தான் உனக்குக் கதை வருமா?"

(மூன்றாவதில் அண்ணி ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசைமேல்... இல்லை. அவர் அப்படி ஓடுகிறவர் இல்லை.)

5.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, நாற்பத்தோராயிரம் கட்டங்களிலும் அண்ணி 'கேட்கவில்லை' என்று நிரப்பினார். தெரியாதபோது கேட்கவில்லை என்றே கொள்வதுதான் பத்திரம். இனி அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தளமே பதிவை ஏற்காதபடி விதியும் போட்டார். பிறகு மேலாளருக்கு இரண்டு வரி: "'இல்லை' என்று மாற்ற விரும்பினால் நீங்களே மாற்றலாம். யார் மாற்றினார் என்பதைத் தளம் பெயரோடு குறித்துக்கொள்ளும்."

பழையதற்கே திரும்பு என்று அவர் சொன்னால் இரண்டு வருட உழைப்பு போச்சு. இதை எழுதும்வரை பதில் இல்லை. நான் இட்டுக்கட்டப் போவதுமில்லை.

மேலாளர் என்ன செய்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பணியவைத்தாலும் சரி, கத்தவிட்டாலும் சரி. 'இல்லை' என்று நிரப்ப மட்டும் உங்களுக்கு அனுமதி கிடையாது. அந்த நாற்பத்தோராயிரத்தில் நீங்களும் இருக்கலாம். உங்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.