நடுவிலேயே நின்ற முள்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம். எட்டு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. தினமும் விடியற்காலையில் ஐந்து நர்சுகளை வீடு வீடாகப் போய் ஏற்றி ஆஸ்பத்திரியில் விடுவதுதான் என் பிழைப்பு. என் பழைய வண்டி படுத்துவிட்டது என்று அண்ணன் தன் காரைக் கொடுத்தான். கொடுத்ததை ஊரெல்லாம் தமுக்கடித்தான். மூன்றே வாரம். நேற்று நெரிசலில் நிற்கும்போது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி, எஞ்சின் நின்றுவிட்டது.

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை.

"சூடு காட்டுற முள்ளு ஏறுறது கண்ணுக்குத் தெரியலையா? போன்ல பேசிட்டே வந்திருப்ப. சாவியக் குடு, உனக்கெல்லாம் வண்டி எதுக்கு?"

"முள்ளு நடுவுலயேதான் நின்னுச்சுண்ணே."

"அப்ப எஞ்சின் தானா வெந்துச்சா?"

சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அம்மாவும் அவன் பக்கம்தான். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதடி," என்றாள். சாவி இல்லாவிட்டால் அந்த ஐந்து பேரும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அதை யார் நினைத்தார்கள்? வண்டியை இழுத்துப்போய் விட்டிருந்த மெக்கானிக் ஷெட்டுக்கு நடந்தேன்.

மெக்கானிக் எதையும் ஆற அமரச் செய்வார். அதனால் அவருக்கு 'அவசரம்' என்று பேர். எஞ்சினில் தண்ணீர் ஓடும் இடத்தில் திருகியிருந்த சின்ன சென்சாரைக் காட்டினார். அதன் ஒயரை யாரோ கழற்றி, முனையில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி டேப் சுற்றியிருந்தார்கள்.

"சூடு ஏற ஏற சென்சாரோட ஓம்ஸ், அதான் கரண்ட்டைத் தடுக்கிற அளவு, குறையும்மா. அதை வச்சுத்தான் முள்ளு ஏறும், ஃபேனும் ஓடும். இந்தத் துண்டு எப்பவும் ஒரே கணக்குதான் சொல்லும். வண்டி ஓடுறவரைக்கும் எதிர்காத்து காப்பாத்தும். நெரிசல்ல நின்னா ஃபேன் ஓடாது, அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "காலையில சாவி போட்டதுமே முள்ளு நடுவுக்கு வந்துருமே, பாக்கலையா?"

பார்த்தேன். ஆறிக் கிடந்த எஞ்சினில் முள் அடியில் அல்லவா கிடக்க வேண்டும்? என்ன நல்ல வண்டி என்று மெச்சிக்கொண்டிருந்தேன், மடச்சி. என் மேலேயே கோபம் வந்தது. டேப் சுற்றியவன் மேல் வந்ததில் அது கால்வாசி கூட இல்லை.

வீட்டுக்கு வந்து ரெசிஸ்டரை அண்ணன் முன்னால் மேஜையில் வைத்தேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"இது என்னண்ணே?"

அவன் முகம் செத்துவிட்டது. "அது... முள்ளு அடிக்கடி ஏறிட்டே இருந்துச்சு. நீ பயந்துடுவியேன்னுதான் போடச் சொன்னேன். எல்லாம் உன் நிம்மதிக்குத்தான்."

"என் நிம்மதிக்கா? அஞ்சு பேரு என்னை நம்பி உக்காந்திருந்தாங்க! முள்ளு ஏறுனா ஏறட்டும், எனக்குத் தெரியணும். ஓரமா நிறுத்த எனக்குத் தெரியும்!"

அவன் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். "எஞ்சினை நீ சரிபண்ணிக் குடு. சென்சாரை நான் மாத்திக்கிறேன்."

அவன் தடுக்கவில்லை. அம்மா அந்த ரெசிஸ்டரை எடுத்து, மாட்டுப் பல்லைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.