இலையின் முதுகு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு பெரணிச் செடியை நடுவில் வைத்துக்கொண்டு ஏங்கிக் கிடந்த புருஷன் பெண்டாட்டி கதை ஒன்று வைத்திருக்கிறேன், சொல்கிறேன்.

அவள் வேலை பார்த்தது உலர்செடிக் கூடத்தில். காட்டில் பறித்த செடிகளை நாளிதழ் மடிப்புக்குள் அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி அலமாரியில் அடுக்குகிற இடம். வந்த செடி இன்னது என்று பெயர் சொல்வது அவள் வேலை. மலையேறிப் பறித்து அனுப்புவது அவள் கணவர் வேலை. அந்தக் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர் சொல்கிறவர் பறிக்கப் போகக்கூடாது. தேடி அலைகிறவருக்கு எதைப் பார்த்தாலும் தேடியதாகவே தெரியுமாம். அதனால் அவர் மலையில், இவள் நாற்காலியில்.

முதல் மழைக்குப் போன மனிதர். அவர் தேடிப் போனது ஒரே ஒரு பெரணி. கூடத்தில் அதற்கு அக்கா என்று செல்லப்பெயர். தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஓடைக்கரை முழுக்க அவள்தான். அக்காவை என்றைக்கோ ஒருவர் பறித்து ஒட்டிய பழைய அட்டை ஒன்று மட்டும் அலமாரியில் இருக்கிறது. பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவளைக் கண்டுபிடித்துவிட்டால் முகாமைக் கலைத்துவிட்டு இறங்கலாம். இல்லையென்றால் அடுத்த மழைக்கும் மலைதான்.

அன்று காலை ஒரு கட்டு வந்தது. பிரித்ததும் விறகுப் புகை வாசம். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பது அவர் பழக்கம். அவள் மூக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

எதிர் மேசையில் செடிகளை ஒட்டிக்கொண்டிருந்த பசையம்மா பார்த்துவிட்டாள். "என்னடி, இப்பல்லாம் மோந்து பாத்துத்தான் பேர் சொல்றதா?"

"ஈரம் இருக்கான்னு பாத்தேன், பசையம்மா."

"இருக்கும், இருக்கும். செடியிலயா உன் கண்ணுலயான்னு பாத்துச் சொல்லு."

அக்கா தங்கை இருவருக்கும் முகம் ஒன்றுதான். இலையைத் திருப்பி முதுகைப் பார்க்கவேண்டும். வித்துத் தூள் அடைந்த பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். தங்கைக்கு அவை இலையின் ஓரத்தில்; அக்காவுக்கு நடு நரம்பை ஒட்டி. இவள் திருப்பினாள். புள்ளிகள் ஓரத்தில் இல்லை. நரம்பை நோக்கி நகர்ந்திருந்தன.

காம்படிச் செதிலையும் பார்த்துவிட்டால் போதும், அக்காவின் செதிலுக்கு நடுவே கறுப்புக் கோடு இருக்கும். ஆனால் காம்பின் அடியையே காணோம். நாளிதழுக்குள் அடங்கவேண்டும் என்று மனிதர் நறுக்கி எறிந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தலைபாடாய் அடித்துக்கொள்கிறாள், காம்பை அடியோடு எடுங்கள் என்று. கேட்டால்தானே.

"அதேதான்னு எழுதிக் குடுத்துடேன்டி," என்றாள் பசையம்மா. "உன் புருஷன் இந்த வாரமே வீட்டுல இருப்பான். யாரு திருப்பிப் பாக்கப்போறா?"

யாரும் பார்க்கமாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. இவள் எழுதினால் தேடல் நின்றுவிடும். காட்டில் எங்கோ நிற்கிற நிஜ அக்கா கேட்பாரற்றுப் போவாள். ஆனால் கட்டிலில் பாதி இடம் எத்தனை காலமாய்ச் சில்லிட்டுக் கிடக்கிறது. வாசலில் கிடக்கும் அவர் செருப்பை வாரம் ஒருமுறை துடைத்து, கிடந்த இடத்திலேயே வைக்கிறாள்.

பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஒரு புள்ளியைச் சுரண்டி, தூளைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, நுண்ணோக்கியில் குனிந்தாள். நல்ல பெரணியின் வித்துகள் கொழுகொழுவென்று ஒரே அளவாக இருக்கும். இவையோ சுருங்கி, சின்னதும் பெரியதுமாய், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு. இரண்டு இனம் கலந்தால்தான் வித்து இப்படிப் பொய்த்துப்போகும்; அக்காவும் தங்கையும் கலந்து பிறந்த பிள்ளை இது. பெரணிக் குடும்பத்தில் உறவுமுறை கேட்கக்கூடாது கண்ணுகளா, அவர்கள் வழக்கம் அப்படி.

மத்தியானம் அவர் கூப்பிட்டார். அலைபேசிச் சிக்னலுக்காகவே பஸ் நிற்கிற இடம் வரை இறங்கி வந்திருந்தார்.

"பூதக்கண்ணாடி, அதுதானே?" அவளை அவர் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லைங்க," என்றாள். "அதோட பிள்ளை. வித்தெல்லாம் பொக்கு."

"உன் கையால அரைச்ச சட்னி கிடைக்கும்னு நினைச்சிட்டே இறங்கி வந்தேன்," என்றார்.

"பொக்கு வித்து வேற எங்கயும் போய் முளைக்காதுங்க. அக்காவும் தங்கையும் சேர்ந்த இடத்துலதான் அது பிறந்திருக்கு. அப்போ அக்கா பக்கத்துலயேதான் இருக்கணும்."

"இருந்தாலும் எனக்கு எங்க தெரியும்? எல்லாம் பச்சையா இருக்கு. நீ இருந்தா ஒவ்வொண்ணா முதுகைத் திருப்பிப் பாத்துடுவ."

அவள் நேரே கூடத் தலைவர் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொல்லி, தன்னை மலைக்கு அனுப்பச் சொன்னாள்.

"கட்டுப்பாடு தெரியுமில்லம்மா. ஆசை வந்தா கண்ணு கெட்டுடும்."

"ஆசை இந்த நாற்காலியிலயும் வந்து உட்காருது சார். காலையில பேனாவைத் திறந்து மூடினேன். ஆசையை ஒரு ஓரமா உட்கார வச்சிட்டுத்தான் பாத்தேன். மலையிலயும் அப்படியே பாத்துக்கறேன்."

அவர் அனுமதிச் சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "காம்பை அடியோட எடுத்துட்டு வாங்க," என்றார்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. வழியெல்லாம் பெரணி. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில், பஸ் வந்ததைக் கவனிக்காமல் காட்டுப் பக்கம் பார்த்து நின்றிருந்தார் ஒருவர். மெலிந்த உடம்பு, யாருடையதோ போலத் தொளதொளத்த சட்டை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

நீங்கள் வழிபார்த்திருக்கிறவர்கள் நல்லபடியாக வந்து சேரட்டும் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கட்டிலில் பாதி இடம் சில்லிடாமல் இருக்கட்டும்.