ஜெர்மன் கத்திக்கு ராயபுரத்துப் பிடி

பக்கவாதம் வந்து என் வலது கையைப் பாதி எடுத்துக்கொண்டு போனது. நாக்கையும் கோபத்தையும் விட்டுவிட்டுப் போனதில்தான் என் மகள் சில்வியாவுக்கு வருத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து ராயபுரம் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் எனக்குச் சோறு ஊட்டுகிறாள், சட்டைப் பொத்தான் போடுகிறாள், நான் மாத்திரை விழுங்கும்போது தன் வாயைத் திறந்து காட்டுகிறாள். மறுபடி ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாததுதான் பாக்கி.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சவரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கே ஒருத்தனை வரவழைத்தாள். முகம் கோணிக் கிடக்கிறவனின் கன்னத்தைத் தட்டி, கொஞ்சம் சிரிங்க பெருசு என்றான் அந்தப் புண்ணியவான். அன்றோடு அவனை அனுப்பிவிட்டேன். தாடி வளர்ந்தது. பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, ஏதும் வேண்டுதலா பாஸ்கல் என்று கேட்டார். ஆமாம் சாமி, என் மகள் அரை மணி நேரம் வாயை மூட வேண்டும் என்று வேண்டுதல் என்றேன்.

என்னிடம் ஒரு மடக்குச் சவரக்கத்தி உண்டு. ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் ஒரு ஜெர்மன் கப்பலின் சமையல்காரன் கொடுத்தது. அலகு இன்னும் தங்கமாக இருந்தது. பிடிதான் விரிசல் விட்டுவிட்டது, ஒல்லிப் பிடி வேறு. என் விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. தடியாக ஒரு பிடி போட்டுக் கொடுத்தால் உள்ளங்கையில் நிற்கும், நானே வழித்துக்கொள்வேன் என்றேன். என் முகத்தையாவது நானே பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மருமகன் சைமன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் யார்டில் ஃபிட்டர். சொன்னதும் ஒப்புக்கொண்டான். நல்ல பையன். நல்ல பையனோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு பேஜார் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

முதல் பிடியைத் துருப்பிடிக்காத தகட்டில் வெட்டிக்கொண்டு வந்தான். கடல் காற்று ஒன்றும் செய்யாதாம். தூக்கினால் நங்கூரம் மாதிரி கனத்தது. இது மூஞ்சிக்கா கப்பலுக்கா என்று கேட்டேன். அடுத்தது தேக்கு, காசிமேட்டில் பிரித்துப்போட்ட படகின் பலகை. சில்வியா பிசைந்து வைத்த சப்பாத்தி மாவைத் திருடி என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னான். அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து பிடியின் இரண்டு பக்கப் பட்டைகளையும் அராவினான். அதில் நான் மயங்கிவிட்டேன், மறைப்பானேன். ஆனால் கத்தி மடங்கும் இடத்தில் சின்ன ஆணி அடிக்காமல் போல்ட்டைப் போட்டு, லாக்நட்டை ஸ்பானரால் முறுக்கிவிட்டான். எந்த அதிர்வுக்கும் கழலாது மாமா என்றான். கழலவில்லைதான். திறக்கவும் இல்லை. என் தாடைக்குள் என்ன இன்ஜினா ஓடுகிறது?

மூன்றாம் முறை பித்தளை ஆணி அடித்து, எண்ணெய் தேய்த்துக் கொண்டுவந்தான். உள்ளங்கையில் வைத்தேன். பொருந்தியது. நோய் வந்த பிறகு என் கையில் எதுவும் அப்படி உட்கார்ந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சில்வியாவைத் தள்ளிப் போய் நறுக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நுரை போட்டு உட்கார்ந்தேன். டம்ளரைத் தூக்கினாலே பதறுகிறவள் அன்று சிரித்துக்கொண்டு நின்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கன்னத்தில் வைத்து இழுத்தேன். நுரை வந்தது, தாடி வரவில்லை. மயிர் அறுபடும் அந்தச் சரசரப்பே இல்லை. கட்டைவிரலால் அலகைத் தடவினேன். கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கியிருந்தது. சைமன் தரையைப் பார்த்தான்.

அப்படியும் முகம் முழுக்க வழித்து முடித்தேன். நுரையைத் துடைத்துவிட்டு, தாடி அப்படியே இருக்க, "கல்யாண மாப்ள மாதிரி கீற நைனா" என்றாள் சில்வியா. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடித்து நொறுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"பிடி சோக்கா கீது மாப்ள," என்றேன். "கத்திய எப்போ தரப் போற?"

யார்டில் கூர் விளிம்பு எதையும் அப்படியே விட மாட்டார்கள், அராவித்தான் விடுவார்கள், அதே பழக்கம் என்று சைமன் இழுத்தான். கை ஆடிக் கழுத்தில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான்.

"கயுத்து என்துதானப்பா."

சில்வியா அழுதுவிட்டாள். "நீ வாய் கோணிகினு கீய விழுந்து கெடந்தியே, அத நான்தானே பார்த்தேன். இன்னொரு தபா என்னால பாக்க முடியாது" என்றாள். கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்த சைமன், யாரையும் கேட்காமல் சாணைக்கல்லை எடுத்து உட்கார்ந்தான். மதியம் வரை தீட்டினான், தோல் பெல்ட்டில் இழுத்தான், தன் முன்கை முடியில் வைத்துப் பார்த்தான். முடி உதிர்ந்தது. சில்வியாவைப் பார்க்காமல் கத்தியை என்னிடம் நீட்டினான்.

முதல் இழுப்பில் சரசரவென்று வந்தது. இரண்டாவதில் தாடையோரம் கை ஆடி, நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. எரிந்தது. இத்தனை மாதத்தில் என் கை செய்த ஒரு காரியம் எனக்கு வலித்தது, அது சந்தோஷமாக இருந்தது. சில்வியா ஓடிவந்து கத்தியைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"பஞ்சு குடும்மா," என்றேன். "கத்திய தொடாத."

அவள் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். அதைக் காயத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த கன்னத்துக்குத் திரும்பினேன்.