றமீஸாவின் நல்ல சுகம்

கெலிஓயாவில் வீட்டு முன்னறையில் செருப்புக் கடை வைத்திருக்கும் தாஸிமுக்கு அந்தக் கடிதத்தை வாசித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி றமீஸாவின் மூட்டுவாதத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த விலைகூடிய ஊசியை இன்சூரன்ஸ்காரர்கள் மூன்றாவது தடவையும் மறுத்திருந்தார்கள். அவர்கள் தொலைபேசியில் விசாரித்தபோது, தான் நல்ல சுகமாக இருப்பதாக நோயாளியே சொன்னாராம்.

"நீயா அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடி ஈக்கிறீங்கன்னு கேட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ற?"

வேறு என்னத்தைச் சொல்வது! காய்ச்சலில் கிடந்தாலும் கால் முறிந்து கிடந்தாலும் இங்கே எல்லார் வாயிலும் வருவது அதுதான். கொழும்பில் குளிரறைக்குள் உட்கார்ந்து படிவக் கட்டங்களில் புள்ளடி போடுகிறவர்களுக்கு இது விளங்கவா போகிறது? முதலில், மலிவான மாத்திரையைக் குடித்துப் பார்க்கட்டும் என்றார்கள். குடித்துக் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். அடுத்த தடவை, டாக்டரின் கடிதம் போதாது என்றார்கள். அதற்காகக் கண்டிக்குப் போய், நம்பர் எடுத்து, நாள் முழுக்கக் கதிரையில் காய்ந்து தாஸிம் அலுத்தே போனார்.

மகன் ருஷ்தியின் கம்பனி எடுத்துக்கொடுத்த இன்சூரன்ஸ் அது. இனி ஒரேயொரு மேன்முறையீடுதான் மிச்சம். அதுவும் போனால் ஊசி இல்லை. ஊசி இல்லாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த முற உள்ளதச் சொல்லு புள்ள. நோவுதுன்னு வாயத் தொறந்து சொல்லு."

"முன்பின் தெரியாத ஆளிட்டயா? வெக்கமா ஈக்கி."

"கை முடங்கினா வெக்கமில்லையா?" என்று கத்திவிட்டார். கத்திய பிறகு பாவமாக இருந்தது.

மேன்முறையீட்டுக்கான அழைப்பு வியாழக்கிழமை பகல் வந்தது. இன்சூரன்ஸ் டாக்டர், தமிழ் பேசும் பெண். போனைப் பிடிக்கக் கை ஏலாததால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் கடப்பக்கம் போங்க" என்றாள் றமீஸா. தாஸிம் வெளியே வந்தார். ஆனால் கதவைத் தாண்டி அவருக்குக் கால் நகரவில்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்..."

தாஸிமுக்குத் திக்கென்றது. போச்சு, எல்லாம் போச்சு! உள்ளே போகக் கதவில் கை வைத்தார்.

"சுகமில்ல டாக்டர்" என்றாள் றமீஸா. "தொழுகைக்கு ஒளு எடுத்துக் கைகால் கழுவ பைப்பத் திருக ஏலா. முழங்கையால தட்டித்தான் தொறக்கிற. தலைய வாரிக்கட்ட ஏலாமத்தான் முடிய வெட்டினேன். அவரிட்ட சூடுன்னு பொய் சொன்னேன். அவர் கடயத் தொறந்த பொறவு பக்கத்து வீட்டு ருக்கியா பின்வாசலால வந்து உடுப்பு மாத்தி விடுறா. சோறும் கறியும் அவதான் ஆக்குற. என்ட கைப்பக்குவம்னு சொல்லிச் சொல்லி அவர் சாப்பிடுறார். பாவம், எனக்காக எவ்வளவு அலையிறார். இதையும் சொன்னா அந்த மனுசன் தாங்கமாட்டார்."

"போதும்மா. நான் அனுமதி எழுதுறேன். ஊசி கிடைக்கும்."

"இஞ்சாருங்க! ஊசி தாறாங்களாம்!"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் தாஸிம் மாதக்கணக்காக நாயாய் அலைந்தார். இப்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"வாறேன், கடைக்கு ஆள் வந்து ஈக்கி" என்று சொல்லிவிட்டு, ஆளில்லாத கடைக்குள் போய் உட்கார்ந்து அழுதார்.