ஒன்பதாவது துண்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த விவகாரத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டியது ஒரே ஒருத்தி மேல்தான். அது யார் என்று எனக்கு உறைப்பதற்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். முதலில் மாட்டியவன் கொசு.

கொசு என்னைப் போலவே எலெக்ட்ரானிக் இசை பண்ணுகிறவன். அவன் மெட்டுகள் எல்லாம் காதுக்குப் பக்கத்தில் வந்து ஙொய் என்று இரையும். அதனால் நாங்கள் வைத்த பெயர். அவனும் அதையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டு விட்டான், வெட்கமே இல்லாமல். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பகலில் ஒரு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யும் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். மிச்ச நேரத்தில் என் பாட்டு. கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. மெட்டமைப்பது, கலப்பது, அட்டைப்படம் போடுவது, இணையத்தில் ஏற்றுவது, நிகழ்ச்சிக்கு ஒயர் மூட்டையைச் சுமந்துகொண்டு போவது, எல்லாம் நானே. முதலாளியும் நான், எடுபிடியும் நான்.

ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் கொசு ஒரு ரீமிக்ஸ் அனுப்பினான். என்னுடைய 'ஈரத்துணி' என்ற பாட்டைப் பிரித்து அவன் போக்கில் மறுபடி கட்டியிருந்தான். சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுப் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறையில் நாம் எச்சில் விழுங்குவதே நமக்குப் பெரிதாகக் கேட்கும். இருபது விநாடி வெறும் தாளம். பிறகு என் அக்கா பேசினாள்.

"இதைப் பெத்திருக்கவே கூடாதுடி."

நான்கு தட்டு கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். அப்புறம் மறுபடியும். எட்டுத் தடவை எண்ணினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த பெரியவரிடம் மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

அந்தக் குரல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா பிரசவம் முடிந்து நாற்பது நாள் குழந்தையோடு என் ஒற்றை அறை வீட்டில் வந்து தங்கினாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை. அந்த நேரத்தில் நடுக்கடலில் இருந்தார். குழந்தை ஓயாமல் அழும். அக்கா சாப்பிட மாட்டாள், தலை வார மாட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மதியம், யாரிடமோ இரவல் வாங்கி வந்த மைக்கை நான் சோதித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் குழந்தைத் துணிகளை அலசிவிட்டு வந்த அக்கா, பிழிந்த துணியைக் கையில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். மைக் ஓடுவது அவளுக்குத் தெரியாது. இதைப் பெத்திருக்கவே கூடாதுடி, எங்கயாவது வச்சிட்டு ஓடிடலாம்னு இருக்கு என்றாள். பிறகு அழுதாள். நடுவில் மைக் பக்கமாக நகர்ந்தாளோ என்னவோ, பதிவில் அழுகை சட்டென்று பெரிதாகும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற மனச்சோர்வு என்றார். மாத்திரை, தூக்கம், மூன்று மாதத்தில் அக்கா தேறிவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு அந்தப் பெண்தான் உலகம். பள்ளியிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் தெருமுனையில் போய் நிற்பாள். அந்தக் குழந்தையை நாங்கள் பொடுசு என்று கூப்பிடுவோம். இப்போது என்னைவிட அரை அடி உயரம், பெயர் மட்டும் மாறவில்லை.

பதிவை நான் அழிக்கவில்லை. அழித்திருக்க வேண்டும். ஏனோ மனசு வரவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், நல்ல ஒலியை எறிய எங்கள் ஜாதிக்குக் கை வராது. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் அதையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தேன். போன வருஷம் அதை எடுத்து, இழுத்து, இழுத்து, பதினாறு மடங்கு நீளமாக்கினேன். வார்த்தை எல்லாம் கரைந்துபோய் ஒரு நீளமான ஹம்மிங் மட்டும் மிஞ்சியது. அதன் மேல் தாளம் கட்டினேன். அதுதான் 'ஈரத்துணி'. என் பாட்டுகளிலேயே நாலு பேர் தேடிக் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். அக்காவுக்கும் அதுதான் பிடித்தது. நான் பண்ணுகிற மற்றதெல்லாம் அவளுக்கு மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்குமாம். இதை மட்டும் துணி காயப்போடும்போது போனில் ஓடவிட்டுக் கூடவே முனகுவாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், என் நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல.

பாட்டு கொஞ்சம் பிரபலமானதும் யார் வேண்டுமானாலும் ரீமிக்ஸ் பண்ணலாம் என்று அறிவித்தேன். அதற்குப் பாட்டைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பேஸ் ஒரு துண்டு, தாளம் ஒரு துண்டு, இப்படிப் பதினொன்று. தாளத்தை எஃபெக்ட் எதுவும் இல்லாமல் கொடுத்தால் செய்கிறவர்களுக்கு வசதி என்று திரையில் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். அந்த டிக் பதினொன்றுக்கும் சேர்த்து விழும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்பும் அவசரம். ஏற்றுவதற்கு முன்னால் மூன்று தடவை கேள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள் நான். ஒரு தடவைகூடக் கேட்காமல் ஏற்றினேன். இழுத்ததும் ஒரு எஃபெக்ட்தான், அதனால் ஒன்பதாவது துண்டில் ஹம்மிங் இல்லை. இழுக்காத, கரைக்காத அக்கா இருந்தாள், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை.

கொசுவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பாவம், ஒன்றும் புரியாமல், அந்தக் குரல் பிரமாதம், எந்த நடிகை என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு நிகழ்ச்சியில் அதை ஓட்டிவிட்டதாகவும் ஜனங்கள் கூடச் சேர்ந்து அந்த வரியைக் கத்தியதாகவும் மெதுவாகச் சொன்னான். என் எதிரிலேயே எல்லாவற்றையும் அழிப்பதாகச் சொல்லி, அன்று சாயங்காலமே வந்து செய்தும் காட்டினான். அதற்கப்புறம் அவனைத் திட்ட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை, அதற்கும் எரிச்சலாக வந்தது.

துண்டுகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குள் பத்தொன்பது பேர் இறக்கியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்: ஒன்பதாவது துண்டு தவறுதலாக வந்துவிட்டது, குடும்ப விஷயம், கேட்காமல் அழித்துவிடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதினெட்டுப் பேர் பதில் போட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்தது. ஒரு ஆள் மட்டும் வாயே திறக்கவில்லை. 'மொட்டைமாடி' என்று புனைபெயர். நாலு தடவை எழுதினேன். கடைசி மெயிலில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பொடுசு காதில் அது விழுந்துவிடக் கூடாது. அவள் என் பாட்டை யார் தொட்டாலும் தேடிப் பிடித்துக் கேட்கிற பிள்ளை. இசை மென்பொருளை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். தன்னைப் பெற்றிருக்கவே கூடாது என்று தன் அம்மா குரலில் ஒரு பிள்ளை கேட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? போதாக்குறைக்குச் சனிக்கிழமை மதியம் ஒரு அரங்கில் எனக்கு நிகழ்ச்சி. அக்காவும் பொடுசும் முதல் தடவையாக வருவதாக இருந்தார்கள். அந்த மொட்டைமாடி எங்கே, யார் கையில் எதைக் கொடுத்து வைத்திருக்கிறானோ, யார் கண்டது. ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களை வரவிடாமல் பண்ணலாம் என்று சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போ, அவள் மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கா, என்னன்னு நீயே கேளு என்றாள். பொடுசு தன் அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். கழுத்தில் நான் வாங்கிக் கொடுத்த ஹெட்போன். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்க மெயில் வந்துச்சு சித்தி. நாலும்."

எப்போதும் என்னை வா, போ என்றுதான் பேசுவாள். அன்றைக்கு 'உங்க' என்றாள். மொட்டைமாடி அவள்தான். அம்மா பிறந்தநாளுக்கு ஒரு ரீமிக்ஸ் செய்து என்னையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று வேறு பெயரில் இறக்கியிருக்கிறாள். அவள் இறக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதாவது, நான் ஊர் பூராவும் அணை போட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க அது இந்தக் கட்டிலில்தான் இருந்திருக்கிறது.

"கேட்டியா?" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

முழுசாகக் கேட்டதாகச் சொன்னாள். பின்னால் அழுகிற குழந்தை தான்தான் என்று கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். பிறகு அத்தான் கப்பலிலிருந்து பேசியபோது சுற்றி வளைத்து விசாரித்திருக்கிறாள். நீ பிறந்த புதிதில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று, அவளையே அவளுக்குத் தெரியாது என்று அவர் சொன்னாராம். இதையெல்லாம் பொடுசு பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். நான் அவள் தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"எனக்கு அம்மா மேல கோபம் இல்லை. நான் கேட்டது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துப் போயிடுவாங்க. நீங்க சொல்லிடாதீங்க."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். தப்பு என் மேல்தான், அவசரத்தில் ஒரு டிக், அது எல்லாத் துண்டுக்கும் விழுந்துவிட்டது என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் அந்தப் பதிவு ஒரு நீளமான பட்டையாக விரிந்திருந்தது. ஆரம்பத்தில் அக்காவின் பேச்சு, கொஞ்சம் தடிப்பாக. அதற்கப்புறம் மெலிசான அழுகை. பாதியில் ஓர் இடத்தில் அந்தப் பட்டை சட்டென்று பருத்திருந்தது. பொடுசு அங்கே விரலை வைத்தாள்.

"இங்க அம்மா அழுறது திடீர்னு பெருசாகுது. மைக் கிட்ட வந்தாங்களோன்னு நினைச்சேன். ஆனா நடக்கிற சத்தம் இல்லை. கட்டில் கிறீச்சுங்கிற சத்தமும் இல்லை. பின்னாடி நான் அழுறதும் அதே அளவுக்குப் பெருசாகுது." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கப்புறம் இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. நீங்க எழுந்து அம்மா பக்கத்துல போற சத்தத்தைத் தேடினேன் சித்தி. எங்கயும் இல்லை."

காது கேட்கிறதா என்று ஊரையே சோதிக்கிறவள் நான். அந்தப் பிள்ளை என்னைச் சோதித்துவிட்டாள். அவளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்: அறையில் இருக்கிற எல்லாச் சத்தமும் ஒரே அளவுக்கு உயர்ந்தால், யாரும் கிட்டே வரவில்லை, யாரோ ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகியிருக்கிறார்கள்.

அந்த மதியம் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் பொய்தான், மறந்தால்தானே வருவதற்கு. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். குழந்தை தொட்டிலில் கத்துகிறது. நான் ஆறடி தள்ளி மேஜை முன்னால் உட்கார்ந்து ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்க்கிறேன். அழுகை சன்னமாகப் பதிகிறதே என்று தோன்றுகிறது. கை தானாகப் போகிறது.

"நான்தான் கூட்டினேன்" என்றேன்.

பொடுசு தலையை ஆட்டினாள். அவளுக்கு அது முன்னமே தெரியும். ஒருவேளை நான் இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்க வேண்டியது இவளிடம் இல்லை, கேட்க வேண்டியவளிடம் கேட்கவும் முடியாது. சற்று முன்னால்தான் சத்தியம் பண்ணியிருந்தேன்.

கதவைத் தட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். இடுப்பில் வாளி, அதில் இன்னும் பாதித் துணி. சித்தியும் பொண்ணும் கதவைச் சாத்திட்டு என்ன ரகசியம் என்று சிரித்தாள். பொடுசு லேப்டாப்பை மூடினாள். அக்கா வாளியை மடியில் வைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பொடுசு அசையாமல் இருந்தாள்.

"இன்னைக்கு ஈரத்துணி வாசிப்பல்ல?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "நான் வர்றதே அதுக்குத்தான். வேற ஒண்ணும் எனக்குப் புரியாது."

இன்றைக்கு இல்லைக்கா என்று எப்படியோ சொன்னேன்.

"போடி. அது ஒண்ணுதான் உருப்படியா பண்ணியிருக்கே." வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மறுபடி பிழிந்தாள். "அதுல ஒரு குரல் வருதே, யாருதுடி அது? நான் தனியா இருக்கிறப்ப அதைப் போட்டா, யாரோ வந்து என் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும்."

பொடுசு என்னைப் பார்க்கவில்லை. ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அதில் ஒன்றும் ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மெஷின்தான்கா என்றேன். அவள் மடியிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், மிச்சத் துணியை நான் காயப்போட்டேன்.